குமுதாவின் இரண்டு மணி நேரம்

மலேசியாவின் கிள்ளான் நகரில், தெங்கு கிளானா சாலையின் பின்வரிசையில் ஓர் ஒற்றை அறைத் தையல் கடை. இருபத்திரண்டு வருடமாக அங்கே ரவிக்கை தைத்தவள் குமுதா. தீபாவளிக்கு முன்பு துணியோடு வந்து நிற்கும் யாரையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பிடிவாதம்தான் அவள் பேரை வளர்த்தது. அவளைத் தின்றதும் அதுதான்.

நாற்பத்து மூன்றாவது வயதில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்றார்கள். நரம்புகளின் மேலுறை சிதைந்துபோகும் நோய். கால் மரத்ததையும் கண் மங்கியதையும்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது சோர்வு. தூங்கி எழுந்த உடனே, ஈர மணல் மூட்டையை யாரோ மேலே ஏற்றிவிட்டதுபோல் இருக்கும். நான்கு கொக்கி தைப்பதற்குள் ஊசி நழுவும்.

மருத்துவமனையில் சொன்னபடி, வாரம் ஒருமுறை கொம்யூட்டர் எனும் புறநகர் ரயிலில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். அங்கே ஒரு மாடி அறையில் விஷ்ணுப்ரியா என்ற இளம் உளவியலாளர் ஹிப்னாஸிஸ் கற்றுக்கொடுத்தார். கண்ணை மூடி, மூச்சை எண்ணி, அவர் குரலின் பின்னே போக வேண்டும். குளிர்ந்த நீரில் கால் நனைவதாக நினைக்க வேண்டும். அதையே வீட்டிலும் தனியாகச் செய்து பழக வேண்டும்.

முதல் நாள் திரும்பி வந்ததும், துறைமுகத்தில் லோரி ஓட்டும் கணவர் கார்த்திகேசு கேலி செய்தார்.

“மயக்கி அனுப்பிட்டாங்களா? அப்ப இனிமே நான் என்ன சொன்னாலும் கேப்பியா?”

“ஒங்கள கட்டிக்கிட்ட அன்னிக்கே மயங்கியாச்சு. இனிமே தெளியணும் லா.”

ஆறாவது வாரத்தில் அது நடந்தது. கண் திறந்தபோது உடம்பு இலேசாக இருந்தது. இரண்டு மணி நேரம் அவள் பழைய குமுதா. விஷ்ணுப்ரியா தெளிவாகவே எச்சரித்தார். இது நோயை மாற்றாது, சோர்வைக் கொஞ்சம் தாங்க வைக்கும், கிடைத்த தெம்பில் பாதியை மிச்சம் வைத்துப் படுத்துவிட வேண்டும் என்றார். குமுதா தலையாட்டினாள்.

தலையாட்டியவள் மறுநாள் காலையிலேயே, மூடிக் கிடந்த கடையைத் திறந்தாள். குமுதா தேறிவிட்டாள் என்ற செய்தி பரவியது. பெண்கள் பட்டும் அளவு ரவிக்கையுமாக வந்தார்கள். ஒருத்திக்கும் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அறுபது துணி சேர்ந்தது. சோர்வு வரும்போதெல்லாம் கண்ணை மூடினாள், எழுந்து தைத்தாள், மறுபடியும் மூடினாள். இளைப்பாறக் கற்ற வித்தையைத் தன் உடம்புக்கே சாட்டையாக்கினாள், பாவி. கார்த்திகேசு தடுத்தபோது, தீபாவளி முடியட்டும் என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது வலது கை வலுவிழந்து கத்தரிக்கோலைக் கீழே விட்டது. மருத்துவமனையில் ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். வேலை மிகுதியாலா, நோயின் போக்கா என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. அவள் மட்டும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் அறையில் மறுபடியும் உட்கார்ந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“டாக்டர், என் கை திரும்பி வருமா?”

“தெரியலக்கா. வரும்னு சொல்லி ஒங்கள ஏமாத்த எனக்கு மனசு இல்ல.”

அன்றும் அந்தக் குரலின் பின்னே போகப் பார்த்தாள். குளிர்ந்த நீர் வரவில்லை. வெட்டாத துணிகள்தான் வரிசையாக வந்தன.

தீபாவளிக்கு முந்தின வாரம், கார்த்திகேசு பெயர்களைப் படிக்க, குமுதா நாற்காலியில் அமர்ந்து, தைக்காத துணிகளைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியாக வந்தவள் தாமரை, பதினைந்து வருட வாடிக்கைக்காரி. மடிப்புக் கலையாத மஞ்சள் பட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“டயர்ட் யாருக்குக்கா இல்ல? எனக்குந்தான் இருக்கு. முடியலன்னா வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.”

குமுதா இடது கையால் துணியை அவள் பக்கம் நகர்த்தினாள். தாமரை போய்விட்டாள்.

கார்த்திகேசு ஏணியைச் சாய்த்து, கடையின் பெயர்ப்பலகையைக் கழற்ற ஏறினார். வேண்டாம் என்று அவள் சொல்வாளென எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் ஆணியில் கை வைத்தபடியே நின்றார்.

அவள் எட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.