எங்கள் வீட்டுக் காவல் முறை

சுதந்திரம் வந்து சில வருஷம் இருக்கும். ஆம்பூரில் எங்கள் தெருவில் பகல் திருட்டு. ஆண்கள் தோல் பதனிடும் டேனரிக்கும் பெண்கள் கடலை மண்டிக்கும் போன பிறகு எவனோ புகுந்து பித்தளைக் குடத்தையும் கொடியில் காயும் சேலையையும் தூக்கிக்கொண்டு போனான். போலீஸ் வந்து டீ குடித்துவிட்டுப் போனதோடு சரி. தெரு கூடி ஒரு ஏற்பாடு செய்தது: தினம் ஒரு வீட்டு ஆண் வேலைக்குப் போகாமல் தெருவைக் காக்க வேண்டும். ஒரு தடியும் விசிலும் வீடு வீடாகக் கைமாறும்.

எங்களுடையது கடைசி வீடு. முறை நெருங்க நெருங்க, தடி எத்தனையாவது வீட்டில் இருக்கிறது என்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். முந்தின வருஷம் டேனரி கேட்டில் சோதனை போட்டபோது என் வீட்டுக்காரர் இடுப்பில் ஒரு துண்டுத் தோல் இருந்தது. அறுந்துபோன என் செருப்புக்கு அடி தைக்க எடுத்தது. கைக்குட்டை அளவுகூட இருக்காது. மேஸ்திரி எல்லோர் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டி, இவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கொஞ்ச நாளில் டேனரி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தெரு எடுத்துக்கொள்ளவில்லை.

"நம்ம வூட்ட உட்டுட்டுப் போய்டுவாங்க பாரு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் தடி எங்கள் வாசலுக்கும் வந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

அன்றைக்கு எந்த வீட்டிலும் பூட்டுத் தொங்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்குத் தலைவலி. அடுத்தவளுக்கு, "வயிறு ஒரே பேஜாரா இருக்குதுக்கா." இன்னொரு வீட்டுக்கு விருந்தாளி வருகிறாராம், கடைசிவரை யாரும் வரவில்லை. வீட்டுக்கு ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தார்கள், பேன் பார்த்தார்கள். கண்ணெல்லாம் இவர் மேல்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒவ்வொருத்தியையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி மனதுக்குள்ளேயே கேட்டேன்.

அவர் எதையும் கவனிக்காதவர் போல வெயிலில் நடந்துகொண்டிருந்தார். ஒரு வீட்டுக் கொடியிலிருந்து சேலை காற்றில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து பின்னால் போனார். "யம்மா, பொடவ உழுந்துச்சு. வந்து எடுத்துக்கோ" என்று தள்ளி நின்றே குரல் கொடுத்தார்.

சாயங்காலம் தடியை முதல் வீட்டில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பிசைந்துகொண்டே கேட்டார்: "நீ இன்னாத்துக்கு இன்னிக்கி மண்டிக்குப் போவல?"

அவருக்குச் சூடாக ஆக்கிப் போடத்தான் நின்றேன் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் யார் வீட்டு வாசலில் நின்றாலும் நானும்தான் எட்டி எட்டிப் பார்த்தேன். தெருவை நினைத்து வந்த வெட்கமெல்லாம் என் பக்கம் திரும்பியது.

"தலவலி" என்றேன்.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆமா" என்றார். "இன்னிக்கித் தெருவுக்கே தலவலி."