சக்கரத்தடியில் ஒரு கட்டை

என் லாரி ஷெட்டின் மூலையில் ஒரு கருவேலங்கட்டை கிடக்கிறது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. குவாரி வேலையை விட்டபோது கேட்டு வாங்கி வந்தது. அடுப்புக்குத் தரச் சொல்லி என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டிகளுக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தவர் பைலட் சார். சண்டையில் போர் விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர் என்று ஆள் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. மீசையை முறுக்கிக்கொண்டு அதட்டப்போகிறார் என்று காத்திருந்தோம். மனிதர் கிளீனரைக்கூட 'வாங்க, போங்க' என்றார். பதக்கம் எதற்கென்று கேட்டால், டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிடுவார். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். வண்டி சரியில்லை என்று டிரைவருக்குத் தோன்றினால் முன்சக்கரத்தடியில் கட்டையை வைக்கலாம். வைத்தவன் எடுக்கும்வரை முதலாளியே வந்தாலும் வண்டியை எடுக்கச் சொல்லக் கூடாது.

ஒரு மழைநாள் காலை பிரேக் பெடல் லேசாக இறங்குவதுபோல் இருந்தது. குவாரிப் பள்ளத்துப் பாதையோ செங்குத்து. கட்டையை வைத்தேன். மேனேஜர் குதித்தார். மெக்கானிக் மத்தியானம்வரை கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் பெயரே 'கட்டை'. "என்ன கட்டை, சோறு சரியா இருக்கா, பாத்துட்டுத் தின்னு" என்பார்கள் மற்ற டிரைவர்கள். எனக்குக் கோபம் மூக்குமேல். டிபன் பாக்ஸை விட்டெறிந்துவிட்டுப் பட்டினியாகக் கிடந்ததும் உண்டு.

அடுத்த வாரம் பெடல் மறுபடியும் இறங்கியது. செத்தாலும் வாய் திறப்பதில்லை என்று வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன். பைலட் சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கதவருகில் வந்தார்.

"மனசுக்கு ஒப்புதாங்க?"

"ஒண்ணுமில்லங்க சார். ஓட்டிடுவேன்."

அவர் நகரவில்லை. "சண்டை சமயத்துல என் கூடப் பறந்த சின்ன வயசு பைலட் ஒருத்தர், இன்ஜின் சத்தம் சரியில்லன்னு இறங்கிட்டார். பிரிச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல. எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க. அவங்களுக்குத் தலைவன் நான். நானும் சிரிச்சேன். அடுத்த தடவை அவர் எதுவும் சொல்லாம ஏறிட்டார். போன வேலை முடிஞ்சுது. நான் திரும்பி வந்தேன், அவர் வரல. எனக்குப் பதக்கம் குடுத்தது அன்னைக்குப் பறந்ததுக்குத்தான்."

நான் இன்ஜினை நிறுத்தினேன். இறங்கிப் போய்க் கட்டையை எடுத்துவந்து முன்சக்கரத்தடியில் வைத்தேன். அன்று பிரேக்கில் பழுது இருந்ததா என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் சொல்வதில்லை. அப்படிக் கேட்கிறவனுக்கு நான் சொன்னது ஏறவில்லை என்று அர்த்தம்.

இன்று காலை திருமானூருக்கு லோடு. சரக்குக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். என் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஐயா, ஸ்டியரிங் ஒரு மாதிரி இழுக்குதுங்க. என் நெனப்பாக்கூட இருக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'என்னடா' என்று தொடங்க வாயெடுத்தவன், போனை அணைத்தேன். முழங்கால் வலியோடு மூலைக்குப் போய், கட்டையைத் தூக்கி வந்து அவனிடம் நீட்டினேன்.

"வைங்க" என்றேன். அவனிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.