பதினைந்து நிமிடமும் இரண்டு வாளியும்

முடியை நேராக்கும் கிரீமை எவ்வளவு நேரம் தலையில் வைக்கலாம் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. போனில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். ஒருமுறை பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் பெண் வந்து கேட்டாள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "உங்க வீட்டுல எத்தன வாளி தண்ணி இருக்கு?"

கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அந்தப் பதிலைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அதில் பாதி என் நாத்தனாருடைய முடி.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பியூட்டி பார்லர் திறந்திருந்தேன். மதுரையில் தங்கி மூன்று மாதம் படித்து, கையில் ஒரு சான்றிதழும் மனதில் பெரிய நினைப்புமாகத் திரும்பியிருந்தேன். ஒரு சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, வாசலில் ஒரு பச்சைத் திரை. அவ்வளவுதான் கடை. என் மாமியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "மூஞ்சியில மாவு பூசுத கடை" என்றுதான் யாரிடமும் சொல்வார். ஆறு மாதமாகியும் புருவம் திருத்திக்கொள்ள வந்தவர்களைத் தவிர வேறு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அவர் சொல்லுக்குப் பதில் சொல்லவும் எனக்கு வழியில்லாமல் இருந்தது.

என் கணவரின் தங்கைக்கு அப்போது இருபது வயது. காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு வாய்த்தது சுருட்டை முடி. சாதாரணச் சுருட்டை இல்லை, சீப்பை உள்ளே விட்டால் பல் ஒடிந்து வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிடப் பரட்டை என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். ஆனால் குரல் அப்படி ஒரு குரல். அவள் பேசினால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்துவிட்டுக் கேட்கலாம்.

அந்தக் குரலை எங்கள் ஊர் கேபிள் டிவி நடத்திய அண்ணாச்சி ஏதோ காலேஜ் விழாவில் கேட்டிருக்கிறார். சித்திரை வருடப் பிறப்பன்று நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்றை நேரலையில் நடத்தப்போவதாகவும், இவள் வந்து பேச வேண்டும் என்றும் வீட்டுக்கே வந்து சொன்னார். நன்றாக அமைந்தால் வாராவாரம் அவளுக்கே என்றார். கிளம்பும்போது வாசல்படியில் நின்று, "குரலு அருமையா இருக்கு. முடிதான் ஸ்கிரீன் பூரா அடைச்சுக்கிடும். கொஞ்சம் படிய வாரிட்டு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் யோசித்து யோசித்துக் கடைசியில் சரி என்றார். ஆனால் ஒரே ஒரு தடவை. "நாலு பேரு சிரிக்கும்படியா எதும் ஆச்சுன்னா, ஏட்டி, பொறவு வீட்டோட கெடக்கணும்" என்றார். அவள் தலையாட்டினாள். அன்று மதியமே பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மதினி, எனக்கு நேராக்கி விடுங்க."

புருவத்துக்கு மேல் என்னை நம்பி வந்த முதல் ஆள் அவள்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதுரையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் இந்தக் கிரீமைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நேரம், நேரம் என்றுதான் சொல்வார். மெல்லிய முடிக்கு ஒரு கணக்கு, தடித்த முடிக்கு ஒரு கணக்கு. குறைந்தால் முடி நேராகாது, கூடினால் முடியே இருக்காது. எரிகிறது என்று சொன்னால் கடிகாரத்தைப் பார்க்காதே, உடனே கழுவு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கீழே சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தேன். கழுவுவதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அங்கே குழாயில் ரப்பர் டியூபை மாட்டித் தலையில் பிடிப்பார்கள், தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணீரை யார் நோட்டில் எழுதுவார்கள்?

எங்கள் ஊரில் அந்த வருடம் பங்குனியிலேயே நல்ல தண்ணீர் வாரம் கடந்து ஒருமுறை என்று ஆகிவிட்டது. வீட்டில் தண்ணீர் அதிகாரம் முழுக்க மாமியார் கையில். எத்தனை குடம் வந்தது, எந்த டிரம்மில் எவ்வளவு இருக்கிறது எல்லாம் அவருக்கு மனப்பாடம். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். துணியின் கடைசி அலசல் தண்ணீரில் அடுத்த துணி நனையும். எதுவும் நேரே சாக்கடைக்குப் போகாது. இதில் மாமியாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் பிறந்த பசுவந்தனையிலும் இதே கதைதான். எங்காவது குழாய் சும்மா ஓடினால் இன்றைக்கும் என் கை தானாக நீண்டு அதை மூடிவிடும்.

கிரீம் போடும் முன் மூன்று நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். எங்கள் ஊரில் அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாலாம் நாள் காலையில் மாமியாரிடம் கெஞ்சி இரண்டு வாளி தண்ணீர் வாங்கினேன். முடியை நாலாக வகுந்து, காதோரமும் பிடரியிலும் எண்ணெய்க் களிம்பு தடவி, தோலில் படாமல் ஒரு விரற்கடை தள்ளிக் கிரீமைப் பூசினேன். அலாரம் கடிகாரத்தைக் கண்ணாடி முன்னால் வைத்தேன். அவள் முடிக்குப் பதினைந்து நிமிடம். நிமிடத்துக்கு ஒருதரம் எரியுதா, எரியுதா என்று கேட்டேன். "இல்ல மதினி. நீங்க கேக்கக் கேக்கத்தான் பயமா இருக்கு" என்றாள்.

மணி அடித்தது. அடித்த அதே நொடியில் அவள் தலையைக் கீழே கவிழ்த்து முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினேன். கடிகாரத்தை நான் ஒரு நொடிகூட ஏமாற்றவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தலைக்குக் கீழே ஒரு பெரிய பேசினை வைத்திருந்தேன். தண்ணீர் வீணாகக் கூடாதே. முதல் வாளி முடிந்தபோது முடி நூல் பிடித்த மாதிரி இறங்கித் தொங்கியது. "மதினி, முகத்துல வந்து விழுது!" என்று அவள் குனிந்தபடியே கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் முடி அவள் முகத்தில் விழுந்ததே இல்லை. கிரீமோடு வந்த ஷாம்பூவைப் போட்டேன். நுரை லேசான ரோஸ் நிறத்தில் வந்தது. அந்த ஷாம்பூவின் நிறமே அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து மிச்சமிருந்தால் நுரை அப்படி வரும், வெள்ளையாகும் வரை அலச வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எறும்பளவு எழுத்தில் போட்டிருந்தது. பிறகுதான் படித்தேன்.

இரண்டாவது வாளி பாதியாகும்போது உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "ஏ பிள்ள, ராத்திரிக்கு உலை வைக்கத் தண்ணி வேண்டாமா?"

பாதி வாளியை அப்படியே நிறுத்திவிட்டேன். பேசினைப் பார்த்தேன். தண்ணீர் மேலாகத் தெளிந்து கிடந்தது. அதிலிருந்து நாலைந்து செம்பு மோந்து பிடரியில் ஊற்றி அலசினேன். யோசித்துச் செய்ததில்லை. துணி அலசும் கை, தலையையும் அப்படியே அலசியது. மிச்சத்தைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

துவட்டும்போது, "பிடதில குறுகுறுன்னு இருக்கு மதினி" என்றாள்.

"புதுசுல்லா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் தெருவே வந்து பார்த்தது. மாமியார்கூட அவள் முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. மூன்றாம் நாள் காலை முடி சீப்போடு கொத்தாக வந்தது. பிடரியில் தோல் சிவந்து, இரண்டு இடத்தில் புண்ணாகி நீர் கோத்திருந்தது. பின்னந்தலையில் முடி விரலால் தொட்ட இடத்தில் ஒடிந்தது.

தப்புச் செய்துவிட்டு அடுத்தவர் மேல் பாய்வது என் குணம். கிரீம் போலி என்றேன், மதுரைக் கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்றேன், அவனை அங்கே போய் உண்டு இல்லை என்று ஆக்கப்போவதாகக் கத்தினேன். அப்போது கொல்லையிலிருந்து மாமியார், "இந்தச் செடிக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். கறிவேப்பிலைச் செடி தலை தொங்கி, இலையெல்லாம் கருகி நின்றது.

வாயை மூடிக்கொண்டேன். மணி அடித்ததும் மருந்து நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது நிற்பதில்லை. கழுவி முடிக்கிற வரைக்கும் அது தலையில் இருக்கிறது. கழுவிய தண்ணீரையே மறுபடி ஊற்றினால் மறுபடியும் இருக்கிறது. பதினைந்து நிமிடம் என்று நான் வைத்ததை அவள் மூன்று நாள் சுமந்திருக்கிறாள்.

அவளிடம் போய், "நான்தான். பேசின் தண்ணிய மோந்து ஊத்திட்டேன்" என்றேன். அவள் அழுதால் தேவலை என்று இருந்தது. அழவில்லை. டாக்டர் கொடுத்த களிம்பைத் தானே தடவிக்கொண்டாள். நாலு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியாரும் திட்டவில்லை. நான் திட்டுக்குத் தயாராக அடுப்படியில் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் திரையை விலக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெட்டுங்க."

"எவ்வளவு?"

"நல்ல முடி எங்கன இருக்கோ அதுவரைக்கும்."

நாலு விரற்கடை நீளம் மிஞ்சியது. இருபது வயதுப் பெண்ணின் தலை அப்படி இருந்து எங்கள் தெரு பார்த்ததில்லை. அண்ணாச்சிக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

வருடப் பிறப்பன்று அவள் தனியாகத்தான் கிளம்பிப் போனாள். அண்ணாச்சி அவள் தலையைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தாராம். நிகழ்ச்சிக்கு அரை மணிதான் இருந்தது. "சரி உக்காரு, வேற என்ன செய்ய" என்றாராம்.

நானும் மாமியாரும் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் குரல் வந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மூன்று பேர் போன் செய்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், வாழ்த்துச் சொன்னார்கள். நாலாவதாக ஒரு பெரியம்மா. பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, "ஏம்மா, தலையில முடிய என்ன செஞ்ச? மொட்டை போட்டு வளருதோ?" என்று கேட்டுவிட்டார். நேரலை. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

மாமியார் என் பக்கம் திரும்பவில்லை.

அவள் சிரித்தாள். "ஆமா பெரியம்மா. கழுகுமலைக்கு வேண்டுதல். எங்க மதினி புதுசா பார்லர் வச்சிருக்காவ. அது நல்லா நடக்கணும்னு குடுத்தேன். உங்களுக்கு என்ன பாட்டு வேணும், சொல்லுங்க" என்றாள்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். மாமியார் எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வாராவாரம் வரச் சொல்லிவிட்டார்கள் என்ற செய்தியோடு வந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் மதினி. சாமி பேரச் சொல்லிட்டேன். அது பொய்யாகக் கூடாதுல்லா."

"ஆமா. அதுக்கு?"

"என் தலையில குடுக்க ஒண்ணும் இல்ல. உங்க தலையில இருக்கு."

அவள் விளையாடவில்லை. எனக்கு அப்போது இடுப்பு வரை முடி. பார்லருக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பியூட்டி பார்லர் நடத்துகிறவள் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றால் யார் உள்ளே வருவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பிடரியில் புண் ஆறிய இடம் பளபளவென்று தெரிந்தது. கேட்கவில்லை.

அடுத்த வாரம் இருவரும் கழுகுமலைக்கு பஸ் ஏறினோம். முடி இறக்குகிற இடத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்தேன். முடியெடுக்கிறவர் அரைச் செம்பு தண்ணீரைத் தெளித்து என் தலையை நனைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். அங்கேயும் தண்ணீர் பஞ்சம்தான்.

என் நாத்தனார் வாளியைத் தன் பக்கம் இழுத்துச் செம்பை நிறைய மோந்தாள். "இருங்கண்ணே" என்று அவரை நிறுத்திவிட்டு, மெதுவாக என் உச்சியில் ஊற்றினாள். பிறகு இன்னொரு செம்பு. வாளி காலியாகும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.