எரிஞ்சதுக்கா மன்னிப்பு?

செவ்வாய்க்கிழமை காலையில் முனியம்மாளிடமிருந்து போன் வந்தது. "தனம் டீச்சர் பூட்டாங்க சார்" என்றாள். உடனே, "எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்டாள். சாவுச் சேதி சொல்லும்போதும் அழவில்லை. தனம் டீச்சரிடம் படித்தவள் அப்படித்தான் பேசுவாள்.

அவரிடம் படித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த பேட்டரி விவகாரத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அறுபதுகளில், செஞ்சியில் அவரோடு தமிழாசிரியராக இருந்தவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிச் சோதனைக்கூடம் பூட்டியே கிடக்கும். திறந்தாலும் மேசையருகே பையன்கள்தான்; பெண்கள் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். சாவி கேட்டு அலுத்துப்போன டீச்சர், கடைவீதியில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், வாங்கினார். தீர்ந்த டார்ச் செல்களைப் பிரித்துத் துத்தநாகத் தகடு எடுத்தார். செப்புச் சொம்புகள் என் வீட்டிலிருந்து போயின. சொம்பில் மயில்துத்தக் கரைசல்; அதற்குள் உப்புநீர் ஊற்றிய மண்குவளை; குவளைக்குள் துத்தநாகம். எட்டாம் வகுப்புப் பெண்களே செய்து, கம்பியால் இணைத்து, டார்ச் பல்பை எரியவைத்தார்கள்.

பள்ளி இன்ஸ்பெக்டர் வந்த அன்று, தலைமையாசிரியர் அதை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு ஒரு பையனைக் கூப்பிட்டார். டீச்சர் குறுக்கே நின்றார்.

"செஞ்சது முனியம்மா சார். அவதான் காட்டுவா."

"பொம்பளப் புள்ள. ஷாக் அடிச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்." இரண்டு கம்பி முனைகளையும் விரல்களால் பிடித்துக் காட்டினார். "எங்க அடிக்குது?"

முனியம்மாள் கம்பியை வைத்தாள். பல்பு எரியவில்லை. பையன்கள் சிரித்தார்கள். "நீங்களாவது செய்ங்கம்மா" என்றார் தலைமையாசிரியர். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார். "இன்னா கோளாறுன்னு அவளே பாப்பா."

அவள் பார்த்தாள். கம்பி முனையில் பச்சை பிடித்திருந்தது. தரையில் உரசிவிட்டு மறுபடி வைத்தாள். மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது.

அடுத்த வாரமே டீச்சருக்கு மேல்மலையனூர்ப் பக்கம் மாற்றல். மன்னிப்புக் கேட்டால் ரத்தாகும் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார்கள். "எதுக்கு மன்னிப்பு? எரிஞ்சதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார். அங்கேயும் முதலில் பெண்களைத்தான் மேசைக்கு அழைத்தாராம். இங்கே அவருடைய மாணவிகள் தினமும் தலைமையாசிரியர் அறைவாசலில் நின்று, "சாவி சார்" என்றார்கள். அதட்டிப் பார்த்தார், நகரவில்லை. அந்தப் படிப்பாண்டு முடியுமுன் கதவு திறந்தது.

புதன்கிழமை, "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது" என்றார் உறவினர் ஒருவர். முனியம்மாள் பாடைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். பேரன் பேத்தி எடுத்த பழைய மாணவிகள் எல்லோரும் அவளோடு நடந்தார்கள். யாரும் திரும்பவில்லை.

எந்தக் கூட்டத்திலாவது, "அது பொண்ணு, அதுக்கெதுக்கு இதெல்லாம்" என்று யாராவது ஆரம்பித்தால், முழங்கால் வலியோடும் எழுந்து நின்றுவிடுகிறேன். உட்காரச் சொல்கிறார்கள். உட்காருவதில்லை. அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. விடுவதாக இல்லை.