ஆட்டைக் கேட்டால் கடவுள் வந்தார்

தொண்ணூறுகளின் நடுவில் மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு முதல் வேலை. லைப்ரரி எழுதுகிறேன் என்றால், புத்தகமெல்லாம் எங்கே என்று வீட்டில் கேட்பார்கள். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் லைப்ரரி. எந்த புரோகிராம் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துக் கேட்டாலும் அதன் அர்த்தத்தை எடுத்து நீட்ட வேண்டும். அது ஒழுங்காக ஓடினால்தான் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஓடத்தான் ஓடியது. ஆனால் ஆட்டுக்கான சொல்லைக் கேட்டால் கடவுளின் அர்த்தம் வந்தது. கடவுளைக் கேட்டால் தங்கம். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மறுபடியும் ஆட்டுக்குக் கடவுள்தான்!

டைப்பிங்கைச் சந்தேகப்படவும் வழியில்லை. சொற்கள் ஒரு ஃபைல், அர்த்தங்கள் வரிசையாக இன்னொரு ஃபைல். ஆவடியிலிருந்து வரும் அக்காமார் இருவர் அகராதியின் ஒரே பக்கத்தைத் தனித்தனியாக அடிக்க வேண்டும். இருவர் அடித்ததையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும்; வித்தியாசம் இருந்தால் தப்பு. முன்பெல்லாம் ஏதாவது வரும்; ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு என்பதால் திட்டும் எனக்குத்தான். இப்போது ஒன்றுகூட இல்லை. அப்படியானால் கோளாறு என்னிடம்தானே? இந்த வேலைக்கான மூளையே எனக்கு இல்லையோ என்று பயந்துபோய் மேஜையிலேயே அழுதுவிட்டேன்.

பெரிய அக்கா ஓடி வந்தார். "இன்னாத்துக்கும்மா அயுவுற?"

சொன்னேன்.

"டைப்பிங்ல தப்பு இருக்காதும்மா. நான் சத்தமா படிப்பேன், ரெண்டு பேரும் அப்டியே அடிப்போம்."

எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரமானது. இவர் படிக்கும்போது ஓர் அர்த்தத்தை விட்டால் அவரும் விடுவார். அதற்குப் பின்னால் எல்லாமே ஒரு படி நகர்ந்துவிடும்; goat-க்கு அகராதியில் அடுத்திருக்கும் god, god-க்கு gold. கம்ப்யூட்டரோ எல்லாம் சரி என்று சொல்லும்.

"யாருக்கா அப்படி அடிக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"வித்தியாசம் வந்தா சார் உன்னியத்தான திட்றாரு, அதான்," என்றார் சின்ன அக்கா.

அதற்குள் முதலாளி வந்து நின்றார். "தப்பு டைப்பிங்லயா, உன் புரோகிராம்லயா?"

டைப்பிங் என்று சொன்னால் எனக்கு வேலை நிச்சயம், அவர்கள் இருவரும் வெளியே. எனக்கு நல்லது செய்யப் போய்த்தான் இத்தனையும் செய்திருக்கிறார்கள். கோபப்படுவதா, கும்பிடுவதா?

"என் புரோகிராம்தான் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை பிடிபடவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை.

அவர் போனதும் பெரிய அக்கா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "வுடும்மா. அடுத்த தபா பாத்து எய்து."