இன்ச் அக்காவின் காகிதக் கார்

காரின் கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மீதி அக்கா உள்ளே இருக்கிறாள்.

"தம்பி, எழுதிக்கோ. ஸ்டீரிங்கிலேருந்து சீட்டு முதுகு வரைக்கும் பதினெட்டே கால்."

எழுதிக்கொள்கிறேன்.

"தலைக்கு மேல மூணு. எழுதிட்டியா? என்ன எழுத்து கூட்டிப் படிக்கிறியா, சீக்கிரம் எழுது."

ஷோரூமில் பளபளக்கும் தரை, ஏசி, இலவசக் காபி. வாங்க வந்தவர்கள் காரை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கிறார்கள். எனக்கு மானம் போகிறது. ஆனாலும் நோட்டும் பேனாவுமாக நிற்கிறேன். வேறு வழியில்லை, என் பேண்ட் அக்காவிடம் இருக்கிறது.

பேண்ட் போய் ஐந்து வாரம். கீழே மடித்து ஒரு தையல், பத்து நிமிட வேலை. அக்காவின் தையல் கடைக்கு அடுத்த கடையில் ஜெராக்ஸ் போடுகிறவன் நான். பக்கத்துக் கடைதானே, நாளைக்கே கிடைத்துவிடும் என்று கொடுத்தேன். கொடுத்த அன்று மாலை அக்காவுக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அந்தக் கடையில் தையலைத் தவிர மற்றதெல்லாம் நடக்கிறது.

இன்ச் அக்கா என்பது தெரு வைத்த பெயர். கழுத்தில் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் அது கழுத்தில்தான் என்று அவள் கணவர் சத்தியம் செய்கிறார். நல்ல மழை பெய்தால், "தெருவுல நாலு இன்ச் நிக்குது" என்பாள். எதிர்வீட்டுக்காரியோடு சண்டை வந்தபோதுகூட, "உனக்கு வாய் ஒரு இன்ச் அதிகம்" என்றுதான் திட்டினாள். தெருவில் யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அக்காவுக்குத் தெரியும்.

லைசென்ஸ் ஐம்பத்திரண்டு வயதில், மூன்றாவது தடவையில் கிடைத்தது. ஓட்டத் தெரியாமல் இல்லை. முப்பது வருடம் தையல் மிஷினை மிதித்த கால், கிளட்ச்சை அப்படிப் பதமாக விடும். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தொட்டுவிட்டாள். இரண்டாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரியின் சட்டைக் காலர் உள்பக்கமாக மடிந்திருந்தது. அக்கா எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, காலரை எடுத்துவிட்டு, மறுபடி கியர் போட்டாள். ஃபெயில். மூன்றாவது தடவை வந்தவர் காலர் இல்லாத டீஷர்ட்டில் வந்ததால் பிழைத்தாள்.

இப்போது கார் வாங்க வேண்டும். அக்காவின் சேமிப்புக்குள் வருகிற மாதிரி, டிக்கியோடு, சின்ன செடானாக இரண்டு கார்கள்தான் உண்டு. ஒன்றை வெள்ளை என்பாள், மற்றதைச் சாம்பல் என்பாள். ஷோரூமில் நிற்கும் வண்டிகளின் நிறம் அது. இரண்டு ஷோரூம்களும் எதிரெதிரே, நடுவில் ஒரு ரோடு. அந்த ரோட்டை அக்காவோடு இதுவரை பதினான்கு தடவை கடந்திருக்கிறேன்.

வெள்ளை விலை குறைவு. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். டிக்கியில் அக்கா பள்ளிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சீருடை மூட்டைகள் எட்டு அடங்கும், அதையும் உள்ளே அடைத்துப் பார்த்துவிட்டோம். சாம்பலுக்கு மெத்தென்ற சீட்டு, பின்னால் ஏசி, முன்னால் கால் நீட்ட நல்ல இடம். ஆனால் விலை? அக்காவுக்குப் பணக் கணக்கு வராது, துணிக் கணக்குதான் வரும்.

"வெள்ளைய விட இது நானூறு பேண்ட் அதிகம் தம்பி. அதுக்கு மேல மாசாமாசம் பெட்ரோலுக்கு ரெண்டு கோட்டு தைக்கணும். நான் தைக்கிறதா, ஓட்டுறதா?"

சாம்பல் கார் விற்பவர் சென்ட் போட்டுக்கொண்டு வருவார், ஆளுக்கு முன்னால் வாசனை வந்து வணக்கம் சொல்லும். அவரிடம் அக்கா சீட்டுத் துணியைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க ஒரு தையல் விட்டுப்போயிருக்கு பாருங்க."

"மேடம், இது ரோபோ தைச்சது."

"ஓ, ரோபோவுக்கு நூல் தீர்ந்தா தெரியாதா?"

அவர் குனிந்து பார்த்தார். தையல் விட்டுத்தான் போயிருந்தது. அதன் பிறகு அக்காவைக் கண்டால் அவரே போய்க் காபி எடுத்து வருகிறார்.

வெள்ளை கார் விற்பவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல மனிதர், நல்ல தொப்பை, கோட்டின் பொத்தான் எப்போது யார் கண்ணில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது தடவை போனபோது அக்கா, "கழட்டுங்க" என்றாள். அவர் மிரண்டுபோய்க் கழற்றினார். காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து, ஓரத்தைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை விட்டு, கையாலேயே தைத்துக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம், இலவசம். மனிதர் அன்றுதான் வேலை நேரத்தில் முழு மூச்சு விட்டிருப்பார். யாரோ ஒருவர் கோட்டுக்குப் பதினைந்து நிமிடம், என் பேண்டுக்கு ஐந்து வாரம். வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல?

இவ்வளவு அளவும் மாமாவின் ஒரு காலுக்காக.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. கடைப் பலகைகளுக்கு விளக்குப் போடுகிற எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பதினோரு வருடத்துக்கு முன் ஏணி சரிந்து விழுந்ததில் வலது முழங்கால் மடங்காமல் போனது. கால் ஒரு இன்ச் குட்டையாகவும் ஆகிவிட்டது. அதனால் வலது ஷூவில் மட்டும் ஒரு இன்ச் கூடுதல் அடிப்பாகம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது கடையில் இஸ்திரி போடுவதும் பொத்தான் வைப்பதும் அவர் வேலை. டொக், டொக் என்று அந்த ஷூ சத்தம் கேட்டால், மாமா டீக்குக் கிளம்பிவிட்டார் என்று நானும் கடையைப் பாதி மூடுவேன்.

எங்காவது போவதென்றால் டாக்சி. மாமா பின் சீட்டில் குறுக்கே உட்கார்ந்து, நீட்டிய காலைச் சீட்டு முழுக்கப் போட்டுக்கொள்வார். அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்தால் அக்கா கழுத்தைத் திருப்பிப் பின்னால் கத்துவாள். பதினோரு வருடமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கும் போனதில்லை.

"முன் சீட்டுல, என் பக்கத்துல அவர் உக்காரணும். அதுதான் அளவு. மத்ததெல்லாம் சும்மா" என்று அக்கா ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். பேண்டைப் பற்றி நான் அன்று கேட்கவில்லை.

அளவெடுத்து முடித்தால் தையல்காரர்கள் என்ன செய்வார்கள்? விலை உயர்ந்த துணியில் கத்திரி வைக்கும் முன் பிரவுன் பேப்பரில் வெட்டிப் பார்ப்பார்கள். அக்கா இரண்டு கார்களையும் பேப்பரில் வெட்டிவிட்டாள். நான் அளவைப் படிக்கப் படிக்க, வழக்கமான கையோட்டத்தில் சரசரவென்று கத்திரி போனது. வெட்டியதைக் கடைத் தரையில் ஒட்டினாள். மிஷினுக்கு இடப்பக்கம் வெள்ளை, இஸ்திரி மேஜையிலிருந்து வாசல்வரை சாம்பல். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சுதான்: "சுத்தி வாங்க, சுத்தி வாங்க, பானெட்ட மிதிக்காதீங்க."

வெள்ளைக்குள் உயரம் குறைந்த முக்காலி இரண்டு போட்டாள். கால் முட்டும் இடத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறுத்தினாள். மாமா அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து காலை நீட்டினார். பக்கத்தில் அக்கா, கையில் ஸ்டீரிங்குக்குப் பதில் ஒரு பாத்திர மூடி. பின் சீட்டில் நான், மடியில் சீருடை மூட்டை.

"எங்க போலாம்?" என்றாள் அக்கா.

"கடல் பக்கம் விடு" என்றார் மாமா, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "ஏசிய கொஞ்சம் கூட்டும்மா."

அக்கா மூடியை இடப்பக்கம் ஒடித்தாள். மாமா வலப்பக்கம் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன், வெட்கங்கெட்டவன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா பாவாடை வாங்க வந்து நின்றார். "ரெண்டு நிமிஷம் இருங்க, சிக்னல்ல நிக்கிறோம்" என்றாள் அக்கா. அந்த அம்மா பச்சை விழும்வரை நின்றார். நான் சிரித்த சிரிப்பில் மூட்டை மடியிலிருந்து உருண்டு ரோட்டில் விழுந்தது.

மாமாவின் ஷூவுக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவே அக்கா டேப்பை வைத்தாள்.

"அரை இன்ச் இருக்கு. தாராளம். வெள்ளைதான்."

"விரலுக்கேத்த வீக்கம்" என்றார் மாமா. அவருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளையை புக் செய்யக் கிளம்பினோம். காலையில் அக்கா என் பேண்டைக் கையில் கொடுத்தாள். அந்த நாளின் மகிமை என்று அங்கேயே போட்டுக்கொண்டேன். தரையில் புரண்டது. நல்ல நாளில் எதற்கு வாயைத் திறப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஷோரூமில் கோட்டுக்காரர் முன் சீட்டைத் தள்ள முடிந்த மட்டும் பின்னால் தள்ளிக் கதவைத் திறந்து பிடித்தார். மாமா முதலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். அக்கா டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்கும்மா" என்றார் மாமா.

அக்கா அவரையே பார்த்தாள். "முப்பது வருஷமா வயித்த எக்கிக்கிட்டு சரியா இருக்குன்னு சொல்ற ஆளுங்களத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். மூச்ச விடுங்க."

மாமா மூச்சை விட்டார். விட்டதும் ஷூ காரின் முன்சுவரில் முட்டிக்கொண்டு அவர் இடுப்பைச் சீட்டிலிருந்து மேலே தூக்கியது. முகம் சுருங்கியது.

அக்கா இறங்கிச் சுற்றி வந்து டேப்பைப் போட்டாள். சீட்டு முதுகிலிருந்து சுவர்வரை நாற்பத்திரண்டு. என் நோட்டிலும் நாற்பத்திரண்டுதான் இருந்தது. மாமாவின் கால், ஷூவோடு நாற்பத்திரண்டரை.

"அப்ப பேப்பர்ல எப்படி..." என்று ஆரம்பித்தவளின் பார்வை என் பேண்ட் கீழே புரள்வதில் போய் நின்றது. "முன்னாடி அரை, பின்னாடி அரை. தையலுக்கு விட்டு வெட்டியிருக்கேன் தம்பி."

துணியில் அந்த அரை இன்ச்சைத் தையல் விழுங்கிவிடும். கார் எதை விழுங்கும்? அக்கா காகிதத்தில் ஒரு இன்ச் பெரிய காரை வெட்டி, அதில் கணவரைக் கடல்வரை கூட்டிப்போய் வந்திருக்கிறாள்.

"சீட்ட சாய்ச்சுக்கலாம் மேடம்" என்றார் கோட்டுக்காரர். சாய்த்துப் பார்த்தோம். மாமாவுக்குக் கூரை மட்டும் தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ரோட்டுக்கு எதிரில், சென்ட்டுக்காரர் கையசைத்தார். நானூறு பேண்ட். அதைத் தைத்து முடிக்க இரண்டு வருடமாவது ஆகும்.

மாமா மெதுவாகச் சொன்னார். "நான் பின்னாடியே உக்காந்துக்கிறேன்மா. பழகினதுதானே."

"பின்னாடி உக்கார வைக்கவா நான் மூணு தடவ டெஸ்டுக்குப் போனேன்?" அக்காவின் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. பேண்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், அதுவாவது அவள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

அக்கா குனிந்து, மாமாவின் கால் முட்டும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேப்பை எடுத்து, காலை விட்டுவிட்டு, ஷூவின் அடிப்பாகத்தை மட்டும் அளந்தாள். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க, கார்ல நடக்கவா போறீங்க?"

அந்தப் பளபளத்த தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஷூவின் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பிடித்து இழுத்தாள். நாலு நிற நூலில் ஓட்டை தைத்த காலுறையோடு மாமாவின் பாதம் உள்ளே நீண்டது. முட்டவில்லை. மாமா சொல்லாமலேயே மூச்சை விட்டுக் காட்டினார். இடுப்பு சீட்டில் அமர்ந்தது, தோள் சாய்ந்தது. சுவருக்கும் விரலுக்கும் நடுவே அரை இன்ச்.

"கடல் எந்தப் பக்கம்?" என்றார் மாமா.

அக்கா ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் ஏறினாள். மாமாவுக்குக் குறுக்கே கை நீட்டி, அவர் முன்னால் டேஷ்போர்டில் இருந்த சின்ன அறையின் மூடியைத் திறந்தாள்.

"மேடம், அது டிஸ்பிளே வண்டி" என்றார் கோட்டுக்காரர்.

அக்கா அந்த அறைக்குள் டேப்பை விட்டு நீளம் பார்த்தாள். ஷூவின் நீளம் பார்த்தாள். ஷூவை உள்ளே படுக்க வைத்து மூடினாள்.