வேலைநிறுத்த நாளில் வருகைப் பதிவு

நாலாம் வகுப்பின் கூரையை இரண்டு கம்புகள் தாங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் அவற்றுக்கு அண்ணன், தம்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். கரும்பலகைக்குப் போக வேண்டுமானால் அண்ணனைச் சுற்றிப் போக வேண்டும். தம்பிமேல் சாய்ந்தால் அடி விழும். அடி கூரையிலிருந்து விழுமா, என் சித்தியின் கையிலிருந்து விழுமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

சித்திதான் அந்த வகுப்பின் ஆசிரியை. பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அதே வாய்பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் நிரந்தர ஆசிரியையின் சம்பளத்தில் இவளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பின்னக் கணக்குக்கு உதாரணம் தேடி இவள் எங்கும் அலைய வேண்டியதில்லை என்பார் சித்தப்பா. சித்தி சிரிக்கமாட்டாள். சித்தப்பாவும் இரண்டாவது தடவை சொல்லமாட்டார்.

வட்டார ஆசிரியர் சங்கத்துக்கு அவள் செயலாளர். ஊரில் அவளுக்கு மனு டீச்சர் என்று பெயர். மனுக்களை நகலெடுப்பது நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில். பதினாலாவது மனு வந்தபோது, "தேதிய மட்டும் மாத்தி பழசையே குடுத்துடலாமே சித்தி, அவங்க படிக்கவா போறாங்க?" என்றேன்.

"எல்லாரும் உன்ன மாதிரி இருப்பாங்கன்னு நெனைக்காதடி வாலு" என்றாள்.

சரிதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் பதினேழு வாங்கிப் பள்ளியை விட்டவள் நான். அதுவும் சித்தி வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த கணக்கு.

எல்லா மனுவிலும் இரண்டே கோரிக்கைதான் இருக்கும். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். பள்ளிக்கு வரும் பணம் முதலில் கூரைக்கு, பிறகு மற்றதற்கு. இந்த வருடம் பணம் வந்தது. வட்டாரத்தின் முப்பத்தெட்டுப் பள்ளிகளுக்கும் வாசலில் அலங்கார வளைவு கட்டச் சொல்லி வந்தது. சித்தியின் பள்ளிக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. வளைவு வந்தால் அதன் வழியாகவும் நுழையலாம், அதன் இரண்டு பக்கத்தாலும் நுழையலாம்.

சித்தியும் சங்கத் தலைவரும் கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். நகல்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அதிகாரி மனுவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ரெண்டு பேர்தான் கத்துறீங்க. மத்தவங்க யாரும் வளைவு வேணாம்னு சொல்லலையே?"

"எல்லாரும் சொல்றாங்க சார்" என்றாள் சித்தி.

"அப்படியா? முப்பத்தெட்டையும் ஒரு நாள் மூடிக் காட்டுங்க. ஒண்ணு குறையக்கூடாது. அப்ப சங்கத்தக் கூப்பிட்டுப் பேசுறேன். மாசக் கடைசிக்குள்ள நடக்கணும். அதுக்கப்புறம் பணம் காண்ட்ராக்டர் கைக்குப் போயிடும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எங்களால் மூடிக் காட்ட முடியாது என்ற தைரியத்தில் சொன்னார். சித்தி அதைத் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவளை வீட்டில் யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. அவள் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து நாலு தடவை உதைத்தால்தான் கிளம்பும். அதிலேயே முப்பத்தேழு பள்ளிக்கும் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர்களின் வீடுகளுக்கே போனாள், பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் கதவிடுக்கு வழியாகவே பேசி அனுப்பினார்கள். ஒரு பாட்டு டீச்சர் மட்டும் தயங்கினார்.

"பிள்ளைங்க வந்து நின்னுட்டா என்னக்கா பண்றது? மனசு கேக்காதே."

"கேக்காதுதான். நாம வாயத் திறக்கக்கூடாது. ஒரே ஒரு நாள். ஒரு நாள் நாம பேசலன்னா அதுங்க கெட்டுப் போயிடாது. கூரை விழுந்தாத்தான் போயிடும்."

பாட்டு டீச்சர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டுக் கையெழுத்தும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் சித்தி உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன்.

புதன்கிழமை. பள்ளிக் கதவுக்குப் பூட்டு. வெளியே சித்தியும் நிரந்தர டீச்சரும் துணி விரித்துப் பதாகையோடு உட்கார்ந்தார்கள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூட இருந்தேன். காலையிலிருந்தே தொலைபேசியில் செய்தி வந்துகொண்டிருந்தது. அங்கே மூடியாச்சு, இங்கே மூடியாச்சு. பத்து மணிக்கு முப்பத்தேழு. இவர்களோடு சேர்த்து முப்பத்தெட்டு. நிரந்தர டீச்சர் நிம்மதியாகப் பக்கத்து ஊர்க் கடைக்கு டீ வாங்கப் போனார்.

அப்போது பிள்ளைகள் வந்தார்கள். வரவேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தது. ஆனால் அம்மா அப்பா வேலைக்குப் போய்விட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, இவர்கள் எங்கே போவார்கள்? பையோடு வந்து எதிரே மண்ணில் உட்கார்ந்தார்கள்.

"வீட்டுக்குப் போங்கடா" என்றாள் சித்தி. யாரும் அசையவில்லை. அவள் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு பொடியன் குச்சியால் மண்ணில் வகுத்தல் கணக்குப் போட்டான். நாற்பத்திரண்டை மூன்றால் வகுத்துப் பன்னிரண்டு என்று எழுதினான். பக்கத்திலிருந்தவள் அதைப் பார்த்து அப்படியே காப்பியடித்தாள். அவளைப் பார்த்து இன்னொருவன். தப்பு வரிசையாகப் பரவியது. சித்தி ஓரக்கண்ணால் பார்த்தாள். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"மிச்சமிருந்த பத்து எங்கடா போச்சு?" என்றாள் கடைசியில், ரோட்டைப் பார்த்தபடியே.

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் அவள் துணியைவிட்டு எழுந்து பிள்ளைகள் நடுவில் குந்தியிருந்தாள். மண் முழுக்கக் கணக்கு. பதாகை முதுகுக்குப் பின்னால் காற்றில் மடங்கிக் கிடந்தது. "சித்தி, இன்னைக்கு ஸ்டிரைக்" என்றேன். "தெரியும்டி, இந்த ஒரு கணக்கு" என்றாள். அது ஏழாவது ஒரு கணக்கு.

ஜீப் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அதிகாரி இறங்கி, கைகட்டிக் கொஞ்ச நேரம் ரசித்தார். கூட வந்தவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எத்தன பேர் வந்திருக்காங்க டீச்சர்?" என்று கேட்டார் அதிகாரி, சாதாரணமாக.

சித்தி திரும்பக்கூட இல்லை. பதினோரு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. "பதினாறு சார். மூணு பேர் ஆப்சென்ட்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்தது. மெதுவாக எழுந்து நின்றாள். கை முழுக்க மண்.

"நல்லா நடத்துறீங்க" என்றார் அதிகாரி. அறிக்கையில் அதையே எழுதினார்: ஒரு பள்ளியில் வகுப்பு நடந்தது, வருகை பதினாறு, படம் இணைக்கப்பட்டுள்ளது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு ஆனது. பேச்சுவார்த்தை இல்லை.

அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டு டீச்சர்தான் எழுந்தார்.

"எங்க ஸ்கூல் வாசல்ல இருபது பிள்ளைங்க அழுதுச்சுக்கா. நான் வாயத் திறக்கல. நீங்கதான் திறக்கக்கூடாதுன்னீங்க."

அந்த அம்மா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சித்தி செயலாளர் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வழியில் ஸ்கூட்டர் நின்றது. சாய்த்து உதைக்கவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

"ஒரு நாள்டி. ஒரே ஒரு நாள் என்னால வாய மூட முடியல" என்றாள், வீடு வரும்வரை நாலைந்து தடவை.

மாதம் முடிந்தது. வளைவுக்குக் குழி தோண்டினார்கள், சாரம் கட்டினார்கள். அதே வாரம் மழை. நாலாம் வகுப்பில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே கூரை தொப்பைபோல் இறங்கியது. வேறு அறை கிடையாது. சித்தி பெஞ்சுகளைக் கதவுப் பக்கமாக நெருக்கிப் போட்டாள்.

மறுநாள் வளைவுச் சாரத்தில் ஒரு கம்பு காணவில்லை என்று மேஸ்திரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தோளில் மட்டும் ஏனோ சிராய்ப்பு. தொப்பைக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கம்பு நின்றது. சித்தி அதைப் பார்த்தாள், என் தோளைப் பார்த்தாள்.

"இவனுக்கு என்ன பேரு டீச்சர்?" என்று கேட்டான், அன்றைக்கு மண்ணில் பன்னிரண்டு என்று எழுதிய அந்தப் பொடியன்.

"பேரு வைக்காதீங்க. பேரு வெச்சா இங்கயே இருந்துடும்."

வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்றதும், அடுத்த பெயருக்குப் போகும் முன் ஒரு தரம் மேலே பார்த்தாள். பத்தொன்பது பெயர். பத்தொன்பது தரம் பார்த்தாள்.